மூக்கு உள்ளே திரும்பிய லாரி

அறுபது அடி நீள ட்ரெய்லர் லாரியை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைகிறவருக்குத்தான் ஒரு ஊர் எவ்வளவு சின்னது என்று தெரியும். அந்த டிரைவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆறு வாரம் ஓடிவிட்டு ஐந்து நாள் லீவில் வருவார். லீவின் முதல் நாளில் பாதி, வண்டியை எங்கே விடுவது என்பதிலேயே கரைந்துவிடும்.

வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். வண்டியை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் நாற்பது நிமிஷம்தான். சனிக்கிழமை காலை பத்து மணி வரை அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் சைக்கிள் கடைக்கு மேலிருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து சொன்னவள் டிரைவரின் மனைவி. தையல் வேலை செய்பவள். இரண்டு நாளாகத் தூங்காத கண். பக்கத்து நாற்காலியில் அவளுடைய தம்பி. மூடிக்கிடக்கும் பலகை ஃபேக்டரி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், அவள் தடுமாறும் இடத்தில் எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தான்.

எதிரே இருந்தவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துவிட்டு, இப்போது போலீஸ் கைவிட்ட விஷயங்களைத் துப்பறிந்து கொடுக்கிறவர். மனிதர்கள் பொய் சொன்னபோதெல்லாம் வண்டிகள்தான் தனக்கு உண்மையைச் சொல்லியிருக்கின்றன என்று நம்புகிறவர். அவருக்கு உதவியாளர் ஒரு அம்மாள். முழங்கால் கெட்டுப்போகும் வரை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். வேலை போனாலும் பெயர் போகவில்லை. கண்டக்டரம்மா.

போலீஸில் என்ன சொன்னார்கள் என்று சர்வேயர் கேட்டார். தம்பி பதில் சொன்னான். காணாமல்போனது வண்டி இல்லை. வண்டி அவனுடைய ஃபேக்டரி வளாகத்தில் பத்திரமாக நிற்கிறது. டிரைவர் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனதை வாட்ச்மேன் கண்ணால் பார்த்திருக்கிறார். வளர்ந்த மனுஷன், லீவில் எங்கேயாவது போயிருப்பார், வருவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கா காதில் விழும்படியே, மாமாவுக்கு வெளியூரில் வேறு ஏதாவது தொடர்பு இருக்கலாம் என்றான்.

அவள் அதைக் கேட்டு அழவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். போன லீவு முடிந்து வண்டியை எடுத்த அன்று நிரம்பியதும் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பழைய நோட்டு. "அவரு மனசுல இருக்கறத வாயால சொல்லமாட்டாரு. இதுலதான் எழுதுவாரு. நீங்க பாருங்க," என்றாள்.

சர்வேயர் பக்கங்களைப் புரட்டினார். இந்த ஊரில் லாரி நிறுத்தும் இடங்களைப் பற்றி யாரும் எழுதாத புத்தகம் அது. கண்டக்டரம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

'பெட்ரோல் பங்க். முதலாளி நல்லவர். மேனேஜர் முதலாளியைவிடப் பெரிய முதலாளியாக இருக்கிறார். ஒரு நாளைக்கு மேல் ஆகாது.'

'எடை மேடைக்குப் பின்புறம். இடம் தாராளம். நாய்கள் அதைவிடத் தாராளம்.'

'எங்கள் தெரு. இனி நினைக்கவும் கூடாது. மேல் வீட்டுக் கொடிக்கயிறும் அடுத்த வீட்டு கேபிளும் அறுந்தன. எதிர் வீட்டுப் பெரியவர் மூன்று மாதம் பேசவில்லை. அவர் கோபம் நியாயம்.'

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே வரி: 'மூக்கு வாசலைப் பார்த்து.'

"மூக்கா?" என்றாள் கண்டக்டரம்மா.

சர்வேயர் விளக்கினார். அனுபவசாலி டிரைவர் இடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வண்டியைத் திருப்பி, முகப்பு வாசலைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துவார். அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் ட்ரெய்லரோடு பின்னால் எடுக்கும் அவஸ்தை இருக்காது.

கடைசி மூன்று லீவுகளுக்கு இடம் ஒன்றுதான். மச்சினன் பார்த்துக் கொடுத்த பலகை ஃபேக்டரி. முதல் தடவை, 'கடவுளே, கடைசியில் ஒரு இடம்' என்று எழுதியிருந்தார். அந்த வரியோடு விமர்சனம் நின்று, எண்கள் தொடங்கின. வண்டியை விட்ட அன்று மீட்டரில் எவ்வளவு, எடுத்த அன்று எவ்வளவு.

கண்டக்டரம்மா கணக்குப் போடக் காகிதம் தேடியதில்லை. மூன்று ஜோடியையும் கண்ணாலேயே கழித்துவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பாமல் சர்வேயரின் காதோடு சொன்னாள்: "இருநூத்திப் பன்னெண்டு. இருநூத்திப் பதிமூணு. மறுபடி இருநூத்திப் பன்னெண்டு. நின்ன இடத்துலயே இவ்வளவு தூரம் ஓடின வண்டிய நான் பார்த்ததில்ல சார். எங்க டெப்போல ஓடற வண்டியே நின்னுதான் பழக்கம்."

சர்வேயர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த வரியில் அவர் விரல் நின்றிருந்தது.

'டயரைக் கழுவியிருக்கிறான். கண்ணாடியைக் கழுவவில்லை.'

நோட்டை மூடிவிட்டு, வண்டியைப் பார்க்கலாமா என்று தம்பியிடம் கேட்டார். தாராளமாக என்றான் தம்பி. ஆனால் எழுந்திருக்க ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொண்டான்.

பலகை ஃபேக்டரி மூடி இரண்டு வருஷமாகிறது. பெரிய இரும்பு கேட். உள்ளே நீளமான ஒரு ஷெட், அதைச் சுற்றி லாரி வளைய வரும்படி அகலமான மண் பாதை. சிவப்பு மண். பின்பக்க மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஷெட் ஓரத்தில் லாரி நின்றது. அதன் முகப்பு மதிலைப் பார்த்திருந்தது. வால்தான் வாசலைப் பார்த்திருந்தது.

டிரைவரின் மனைவிக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது. அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

வாட்ச்மேன் வயதானவர், நேர்மையானவர். சர்வேயர் கேட்டதற்கெல்லாம் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு டிரைவர் வந்தார். வண்டியை ஷெட்டைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். வாசலைப் பார்த்துத்தான் நிறுத்தினார், எப்போதும் அப்படித்தான். கேட்டில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நடந்தார். வெள்ளிக்கிழமை தனக்கு விடுமுறை, சூப்பர்வைசரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்று காலைதான் வேலைக்கு வந்தேன் என்றார்.

"காலில் என்ன போட்டிருந்தார்?" என்று சர்வேயர் கேட்டார்.

பட்டை வைத்த பழுப்புச் செருப்பு. அறுந்த வாரைத் தைத்திருந்தார்கள். அதைப் பற்றித்தான் கேட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் கண்டக்டரம்மா கெட்ட முழங்காலைத் திட்டிக்கொண்டே லாரியின் படியில் ஏறி, கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியபோது அவள் முகத்தில் கேலி இல்லை. சீட்டுக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் பலகை இருக்கிறது, அதன் திரை பாதி விலகிக் கிடக்கிறது. கீழே, பழுப்புச் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருக்கிறது.

"பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன் சார். செருப்பக் கழட்டி வச்சிட்டு பஸ் ஏற வந்த ஆள ஒருத்தரையும் பார்த்ததில்ல," என்றாள்.

சர்வேயர் மெதுவாகத் தலையசைத்தார். டிரைவர் கேட் வழியாகப் போனார், மதில் ஓட்டை வழியாகத் திரும்பி வந்தார். தன் வண்டியிலேயே ஏறி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார். தான் இல்லாதபோது தன் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

அவர் குனிந்து டயரை விரலால் தேய்த்தார். சிவப்பு மண் மேலோட்டமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில், பள்ளங்களில், வெள்ளையாகக் கல் தூள். பிறகு படியில் ஏறி மீட்டரைப் பார்த்தார். லாரியின் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, லீவில் போன அன்று டிரைவர் சொன்ன கிலோமீட்டர் என்ன என்று கேட்டார். கடைசி மூன்று எண், நானூற்றுப் பத்து. இப்போது கண்ணாடிக்குள் தெரிவது அறுநூற்று நாற்பது.

"இருநூத்தி முப்பது," என்றாள் கண்டக்டரம்மா. "பதினெட்டு கூடுது சார்."

சர்வேயர் தம்பியிடம் திரும்பி, போன தடவைகளில் டயரைக் கழுவியது யார் என்று சாதாரணமாகக் கேட்டார். வாட்ச்மேன்தான், நல்ல மனசு, தானாகவே செய்வார் என்றான் தம்பி. வாட்ச்மேன் வாயைத் திறந்தார். பிறகு தன்னுடைய வேலையை நினைத்து மூடிக்கொண்டார்.

சர்வேயர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். அதைத் தம்பியிடம் கொடுக்கவில்லை, அவன் அக்காவிடம் கொடுத்தார். "அம்மா, இதுல உங்க வீட்டுக்காரர் எல்லாரையும் பத்தி எழுதியிருக்கார். அவரை விரட்டின மேனேஜரைக்கூட 'இருக்கிறார்'னுதான் எழுதியிருக்கார். வாட்ச்மேன், எதிர் வீட்டுக்காரர், முன்னபின்ன தெரியாத பங்க் முதலாளி, எல்லாருக்கும் 'ஆர்'. இந்த நோட்டு முழுக்க ஒரே ஒருத்தருக்குத்தான் 'ஆன்' போட்டிருக்கார். கடைசிப் பக்கம் பாருங்க."

அவள் பார்த்தாள். 'கழுவியிருக்கிறான்.'

வயதில் சின்னவன். உரிமையோடு அவன் இவன் என்று சொல்லக்கூடியவன். அப்படி அவருக்கு இந்த ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவள் தலை தூக்கித் தம்பியைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாங்கவில்லை.

கண்டக்டரம்மா கேட் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஓடுவான் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவன் ஓடவில்லை. லாரிச் சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்து, அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா பண்ணின அவர?" என்றாள் அக்கா.

அவன் பதில் சொல்வதற்குமுன் சர்வேயர் குறுக்கிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "பயப்படாதீங்கம்மா. இந்த வண்டி வழக்கமாப் போற இடத்துக்குப் போயிருக்கு. ஆனா திரும்பி வரும்போது ஒன்பது கிலோமீட்டர் விலகிப் போய், ஒன்பது கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கு. கொன்னு போட்டவன் நேரா ஓடி வந்திருப்பான். விலகிப் போனவன் ஆஸ்பத்திரியத் தேடிப் போயிருக்கான்னு நினைக்கிறேன்."

தம்பி முகத்தை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

துண்டு துண்டாகத்தான் சொன்னான். ஷெட்டுக்குள் பலகை ஒட்டும் பசை காய்ச்சுகிற ரசாயனம் நூற்றுக்கணக்கான டிரம்மில் கிடந்தது. முறையாக அப்புறப்படுத்த ஃபேக்டரிக்காரர்களுக்கு மனமில்லை. இடத்தைக் காலி செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்றார்கள். நூற்றாறு கிலோமீட்டரில் கைவிட்ட கல் குவாரி ஒன்று இருக்கிறது. அதில் கொட்டுவதற்கு ஒரு லாரி வேண்டும். மாமா லாரி நிறுத்த இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தார். இடம் கொடுத்தான். ஒருநாள் கிரீஸ் அடிக்கிறேன் என்று சாவியை வாங்கி, இன்னொன்று செய்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்த நேரம். குவாரியில் இரண்டு கூலியாட்கள் டிரம்மை உருட்ட ஆரம்பித்தபோது திரையை விலக்கிக்கொண்டு மாமா இறங்கி வந்தார். வெறும் கால். திட்டவில்லை, அடிக்கவில்லை. அதையாவது செய்திருக்கலாம் என்றான் தம்பி. நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே ட்ரெய்லர்மேல் ஏறினார். உருண்டு வந்த டிரம்மைத் தடுக்கப் பார்த்தார். அது அவரையும் தள்ளிக்கொண்டு கீழே விழுந்து உடைந்தது. கால் எலும்பு முறிந்துவிட்டது. முகத்தில், கண்ணில், அந்த ரசாயனம்.

கூலியாட்கள் ஓடிவிட்டார்கள். அவன் ஓடவில்லை. அது ஒன்றுதான் அவன் தன் பக்கம் சொல்லிக்கொள்ள இருந்தது. ஒன்பது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தான். மாமாவின் போனை அணைத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

"ரெண்டு நாளா என்கூடவே தேடினியேடா," என்றாள் அவள். "நான் ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்து அழுதப்ப பக்கத்துல இருந்தியே."

"சொல்லணும்னுதான்க்கா ஒவ்வொரு தடவையும் நினைச்சேன்."

"அவருக்கு நினைவு இருக்கா?"

"இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடறப்பல்லாம் உன்னத்தான் கேக்கறாரு. அக்கா வந்துட்டிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் அப்போதே கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கண்டக்டரம்மா எதிரே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் திரும்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தார்.

சர்வேயர் ஷெட்டைத் திறக்கச் சொன்னார். மீதமிருந்த டிரம்களில் ஒட்டியிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, தன் பழைய காரின் முன் சீட்டில் தம்பியை உட்கார வைத்தார். கண்டக்டரம்மாவும் டிரைவரின் மனைவியும் பின்னால். இரண்டரை மணி நேரப் பயணம். எதிரே பெரிய லாரி வரும்போதெல்லாம் அவள் தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாயை மூடிக்கொண்டு இவ்வளவு தூரம் தான் வந்ததே இல்லை என்று கண்டக்டரம்மா பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மொத்தம் ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் டிரைவர் படுத்திருந்தார். இரண்டு கண்ணுக்கும் கட்டு. காலில் மாவுக்கட்டு. மனைவி பக்கத்தில் போய் நின்றாள். அவர் விரல்களைத் தொட்டாள்.

"வந்துட்டியா," என்றார். "பஸ்ஸு கிடைக்கலியா?"

"கிடைக்கல," என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். நிச்சயமாகத் தெரியாமல் உன் கூடப் பிறந்தவன்மேல் எப்படிப் பழி சொல்வது என்றார் அவர். மூன்றாம் தடவையே சந்தேகம். வேறு யாராவதாக இருக்கக்கூடாதா என்று பார்க்கத்தான் படுத்திருந்தேன் என்றார்.

டாக்டர் இளம் பெண். சர்வேயர் காட்டிய படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சேர்த்தவர் சுண்ணாம்பு கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கண்ணை நிறைய கழுவியதால் கொஞ்சம் தப்பித்திருக்கிறது. ஆனால் கொட்டியது இதுதான் என்றால் இன்றே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வலது கண்ணைப் பற்றி நம்பிக்கை சொல்லலாம். இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. எப்படி நடந்தது, எங்கே நடந்தது, எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்தால்தான் அங்கே தாமதமில்லாமல் பார்ப்பார்கள்.

டிரைவர் மனைவியின் கையை இறுக்கினார். "இருக்கட்டும்மா. கீழ விழுந்தேன், சுண்ணாம்புதான்னே இருக்கட்டும். உண்மைய எழுதினா அவன் உள்ள போயிடுவான். அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க."

கதவுக்கு வெளியே தம்பி நின்றிருந்தான். அவனுக்கு இது கேட்டது. கண்டக்டரம்மாவுக்கும் கேட்டது.

மனைவி கணவரின் கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நடையைக் கடந்து, சேர்க்கைப் பதிவேடு இருந்த மேஜைக்குப் போனாள். எழுத்தர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவளுடைய தம்பியின் பெயர் இருந்தது. யாரும் தேடி வந்துவிடக்கூடாது என்று அவன் தன் பெயரையே கொடுத்திருந்தான்.

"இது தப்பு," என்றாள். கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். எழுத்தர் பழைய பெயரை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே புதிதாக எழுதினார்.

"தப்பான பேரக் கொடுத்தது யாருன்னு எழுதணும். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தம்பி நடையின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, சொல் என்பதுபோல மெல்ல ஆட்டினான்.

"என் தம்பி," என்றாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்குங்க. எல்லாத்தையும் சொல்றேன்."